பெட்ரோல் ஜீப்புக்கு எந்த டீசல் எஞ்சின்? சி.ஜே. 3பி வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

போடி, கம்பம், குமுளி வட்டாரங்களில் ஏலத்தோட்டங்களுக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிச் செல்லும் பழைய மஹிந்திரா ஜீப்புகளின் பானெட்டைத் திறந்து பார்த்தால், தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட எஞ்சின் இல்லாத வண்டிகள் பல இருப்பது தெரியும். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றுவது இப்பகுதிப் பட்டறைகளுக்குப் புதிய வேலை அன்று. இருந்தும், இன்று ஒரு பெட்ரோல் சி.ஜே. 3பி ஜீப்பை வாங்கியவரோ, தந்தையிடமிருந்து பெற்றவரோ முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ‘எந்த எஞ்சினில் இழுவை அதிகம்?’ என்பதாகவே இருக்கிறது. என்னைக் கேட்டால் அதை மூன்றாவதாகக் கேட்டால் போதும். வண்டி ஆண்டுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்பது முதல் கேள்வி. எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் கியர் பாக்ஸும், ஆக்சிலுக்குள் விசையைச் சக்கரங்களுக்குத் திருப்பும் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியனும் எந்த வேகத்தில் சுழலும் எஞ்சினுக்காகச் செய்யப்பட்டவை என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் எஞ்சின் தேர்வு பெருமளவு தானாகவே முடிந்துவிடும்.

முதலில், கழற்றப்போகும் எஞ்சினைப் பற்றி. சி.ஜே. 3பி-யில் வந்தது 2,199 சி.சி. கொள்ளளவுள்ள ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின். இதில் காற்று உள்ளே வரும் வால்வு ஹெட்டிலும், புகை வெளியேறும் வால்வு பிளாக்கிலும் இருக்கும். அதனால் எஞ்சினின் உயரம் கூடியது. அந்த உயரத்துக்கு இடம் கொடுக்கவே இந்த மாடலின் பானெட் அவ்வளவு தூக்கலாக அமைந்தது. பார்வைக்கு அழகில்லை என்று சிலர் குறைப்பட்டாலும், உயரமான டீசல் எஞ்சினை உள்ளே இறக்கும்போது இந்த பானெட்டின் அருமை புரியும். ஹரிக்கேனின் அதிகபட்ச முறுக்கு விசை (இழுவையைத் தருவது இதுதான்) சுமார் 155 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிடத்துக்கு 2,000 சுழற்சியிலேயே கிடைத்துவிடும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் டீசல் என்றாலே இழுவை கூடிவிடும் என்ற நம்பிக்கையை அது சோதிக்கும்.

எஞ்சினை மாற்றாமல் இருப்பதையும் ஒரு தெரிவாகவே எடைபோட வேண்டும். 2012-ஆம் ஆண்டுவாக்கில் சென்னையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் விலை வேறுபாடு இருந்தது. அப்போது டீசலுக்கு மாறுவதற்குக் கணக்கே போடத் தேவையில்லை. 2014 அக்டோபரில் டீசல் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு அந்த இடைவெளி சுருங்கிப் பத்து ரூபாய்க்குள் வந்துவிட்டது. ஆகவே இன்று மிச்சம் வருவது விலையிலிருந்து அன்று, மைலேஜிலிருந்துதான். மலைப்பாதையும் சமவெளியும் கலந்த ஓட்டத்தில் பழைய பெட்ரோல் ஜீப் லிட்டருக்கு 7 கிலோமீட்டரும், நல்ல நிலையில் உள்ள டீசல் ஜீப் 12 கிலோமீட்டரும் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு முறையே 14 ரூபாய் சொச்சமும் 8 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவும் ஆகும். மிச்சம் சுமார் ஆறரை ரூபாய். எஞ்சின், கியர் பாக்ஸ், லேத் வேலை, ரேடியேட்டர், பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் ரூபாய் செலவாகிறது என்று கொண்டால், அதைத் திரும்ப எடுக்க 30,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினமும் தோட்டத்துக்கு ஏறி இறங்கி ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது இரண்டு ஆண்டு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே எடுத்து ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பத்து ஆண்டு.

இந்த இரண்டாவது வகையினருக்கு என் பரிந்துரை தெளிவானது: ஹரிக்கேனையே போரிங் செய்து (சிலிண்டர்களைக் கடைந்து சீராக்கி), பிஸ்டனும் வால்வும் மாற்றி, கார்புரேட்டரைச் சீராக்கி ஓட்டலாம். அசல் எஞ்சினோடு இருக்கும் ஜீப்பைத் தேடி வாங்கும் பழைய வண்டி ஆர்வலர்களும் இருக்கிறார்கள். எஞ்சின் மாறிவிட்டால் அந்த மதிப்பு திரும்பாது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரத்தையும் எத்தனாலைத் தாங்கும் பொருளில் மாற்றிவிடுவது நல்லது.

இனி டீசலுக்கு வருவோம். மலைப்பகுதிப் பட்டறைகளில் பேச்சு இரண்டு எஞ்சின்களைச் சுற்றியே வரும். ஒன்று பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரால் அழைக்கப்படும் ‘பெஜோ’, மற்றொன்று டைரக்ட் இன்ஜெக்ஷன் என்பதன் சுருக்கமான ‘டி.ஐ.’ இரண்டும் மஹிந்திராவே தன் ஜீப்புகளில் பொருத்தி விற்றவை என்பதால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங், அதைக் கியர் பாக்ஸோடு இணைக்கும் பெல் ஹவுசிங், ஃப்ளைவீல் முதலியவற்றைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அந்த ஒரு காரணமே மற்ற எஞ்சின்களைவிட இவற்றை முன்னால் நிறுத்தப் போதுமானது.

பெஜோவில் பழையது எக்ஸ்.டி.பி. 4.90. பெயரே அளவைச் சொல்லிவிடும்: நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்). 83 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கோடு (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொள்ளளவு 2,112 சி.சி. ஆகிறது. எம்.எம். 540 ஜீப்பில் வந்த எஞ்சின் இதுதான். 4,500 சுழற்சியில் 62 குதிரைத்திறன் தரும் இது, டீசலாக இருந்தாலும் பெட்ரோல் எஞ்சினைப் போலச் சுழலக்கூடியது, அதிர்வும் குறைவு. ஆனால் இதன் முறுக்கு விசை 120 நியூட்டன் மீட்டரை ஒட்டியது. அதாவது, கழற்றிய ஹரிக்கேனைவிடக் குறைவு. ஏற்றத்தில் பெட்ரோல் ஜீப் இரண்டாம் கியரில் ஏறிய இடத்தில் இது முதல் கியரைக் கேட்டால் வியப்பதற்கில்லை. அலுமினிய ஹெட்டும், தண்ணீர் நேரடியாகத் தொடும் லைனர்களும் (சிலிண்டரின் உள்ளுறைகள்) கொண்ட அமைப்பு என்பதால், ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால் ஹெட் வளைவதும் கேஸ்கெட் போவதும் இதன் வழக்கமான நோய். லைனர்கள் பிளாக்கின் மேல்மட்டத்துக்கு மேலே எவ்வளவு எழும்பி நிற்கின்றன என்பதை அளந்து, நான்கும் ஒரே அளவில் இருக்கும்படி வைத்து ஹெட்டை மூடத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் மட்டுமே இந்த எஞ்சினை எடுக்கலாம்.

அதன் பெரிய தம்பி எக்ஸ்.டி. 3பி. போர் 94, ஸ்ட்ரோக் 90, கொள்ளளவு 2,498 சி.சி.; முறுக்கு விசை ஏறத்தாழ 150 நியூட்டன் மீட்டர், அதாவது ஹரிக்கேனுக்குச் சமம். இந்தச் சமநிலைதான் இதன் பெரிய பலம். ஜீப்பின் பழைய டி-90 மூன்று கியர் பாக்ஸ், விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சில்கள் ஆகிய எல்லாமே அந்த அளவு விசைக்காகச் செய்யப்பட்டவை என்பதால், பின்னால் இருப்பவற்றை அதிகம் தொடாமல் எஞ்சினை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

டி.ஐ. எஞ்சினின் குணம் முற்றிலும் வேறு. 88.9 மில்லிமீட்டர் போர், 101.6 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 2,523 சி.சி. இந்த 101.6 என்ற எண்ணை அங்குலத்தில் மாற்றினால் சரியாக நான்கு. முன்பு இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரில் இருந்த டீசல் எஞ்சினின் ஸ்ட்ரோக்கும் அதே நான்கு அங்குலம்தான். வயல் உழுத வம்சத்தின் பழக்கம் இதற்குப் போகவில்லை. நீண்ட ஸ்ட்ரோக், மெதுவான சுழற்சி, 3,200-லேயே உச்சம். பிற்காலத்தில் தார் ஜீப்பில் வந்த இதன் டர்போ வடிவம் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் அமைப்பு உள்ளது) 63 குதிரைத்திறனும், 1,500 சுழற்சியிலேயே 182 நியூட்டன் மீட்டர் விசையும் தந்தது. குதிரைத்திறனில் எக்ஸ்.டி.பி.-யும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் சுமையோடு ஏற்றத்தில் நிற்கும் வண்டியைக் கிளட்ச்சை எரிக்காமல் எடுக்கும்போது இரண்டுக்கும் உள்ள தூரம் புரிந்துவிடும். டீசல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுவதால் எரிபொருள் செலவு பெஜோவைவிடக் குறையும். சத்தமும் அதிர்வும் அதற்கான விலை.

கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் கொழுக்குமலை போன்ற இடங்களுக்கு ஏறும் வண்டி என்றால் டர்போவுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. உயரம் கூடக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவு டீசலை எரிக்க முடியாமல் கரும்புகை கக்கும். பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்தால் இழுவை வரும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்; புகையும் சூடும்தான் கூடும்.

இங்கேதான் இரண்டாவது கேள்வி வருகிறது. சி.ஜே. 3பி-யின் ஆக்சில் விகிதம் 5.38, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற, கியர் பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் 5.38 முறை சுற்ற வேண்டும். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் உருளும். டாப் கியரில் மணிக்கு 60 கிலோமீட்டர் போகும்போது எஞ்சின் சுமார் 2,450 சுழற்சியில் ஓடும். 4,500 வரை சுழலும் பெஜோவுக்கு இது ஒரு பொருட்டில்லை. 3,200-ல் நின்றுவிடும் டி.ஐ.-க்கோ, இதே விகிதத்தில் வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 78 கிலோமீட்டரைத் தாண்டாது; காது வலிக்காமல் ஓட்ட வேண்டுமென்றால் 55. தேனியிலிருந்து மதுரைக்குப் போய்வர வேண்டியவருக்கு அது தண்டனை. ‘டி.ஐ. போட்டேன், வண்டி ஓடவே மாட்டேன் என்கிறது’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்த 5.38 தான் இருக்கும். எஞ்சினில் கோளாறு இருக்காது.

கிரவுன் பினியனை 4.27 விகிதத்துக்கு மாற்றினால் அதே 60 கிலோமீட்டரில் எஞ்சின் 1,950 சுழற்சிக்குள் அடங்கிவிடும். உச்ச வேகம் 98 வரை போகும். இதற்கு விலை மலையில் கொடுக்க வேண்டும். டி-90 பாக்ஸின் முதல் கியர் 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.46, இவற்றை 5.38 ஆல் பெருக்கினால் மொத்த விகிதம் 37 வரும். 4.27 போட்டால் அது 29 ஆக இறங்கும். டர்போ டி.ஐ.-யின் கூடுதல் விசை இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டினாலும், இறக்கத்தில் எஞ்சினின் பிடிப்பை நம்பி இறங்குபவர்கள் வித்தியாசத்தை உணர்வார்கள். தோட்ட வேலையும் ஊர்ப் பயணமும் சம அளவில் உள்ள வண்டிக்கு 4.88 நல்ல நடுவழி: 60-ல் சுமார் 2,200 சுழற்சி, மொத்த விகிதம் 33-க்கு மேல். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டி என்பதால் முன் ஆக்சிலிலும் பின் ஆக்சிலிலும் ஒரே விகிதம் இருந்தே ஆக வேண்டும் என்பதையும், ஸ்பீடோமீட்டர் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஓடுவதால் விகிதம் மாறியபின் அது தவறான வேகத்தைக் காட்டும் என்பதையும் செலவுக் கணக்கிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

டர்போ டி.ஐ.-யைப் பழைய டி-90 பாக்ஸோடு இணைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. 155-க்குப் பழகிய பற்களின் மேல் 182 விழுவது ஒருபுறம். டீசலின் ஒவ்வொரு வெடிப்பும் பெட்ரோலைவிட முரட்டுத்தனமாகத் தள்ளும் என்பது மறுபுறம். மஹிந்திரா டீசல் ஜீப்புகளில் வந்த நான்கு கியர் கே.எம்.டி. 90 பாக்ஸோ, ஐந்து கியர் பி.ஏ. 10 பாக்ஸோ எஞ்சினோடு சேர்ந்தே கிடைத்தால் அதையும் எடுத்துவிடுவது நல்லது. நீளம் மாறுவதால் புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டையும் வெட்டி, பேலன்ஸ் பார்த்துப் போட வேண்டியிருக்கும். 80 அங்குல வீல்பேஸ் கொண்ட குட்டை வண்டியில் பின் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை. அது இன்னும் குறைந்தால் ஜாயின்ட்டின் கோணம் கூடி, அதற்குள் இருக்கும் கிராஸ் என்ற சிலுவை வடிவத் துண்டு அடிக்கடி தேய்ந்துபோகும்.

இவ்விரண்டுக்கு வெளியே உள்ள எஞ்சின்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அம்பாசடரில் வந்த இசுசு 1,995 சி.சி. டீசல் மென்மையானது, நீண்ட ஆயுள் உள்ளது. சமவெளி வண்டிக்கு ஏற்றது, சுமையோடு மலையேற அதன் விசை போதாது. குவாலிஸில் வந்த டொயோட்டா 2,446 சி.சி. எஞ்சின் தரத்தில் இவை எல்லாவற்றுக்கும் மேல் என்றே சொல்வேன்; ஆனால் ஜீப்பின் பாக்ஸோடு அதை இணைக்க இரண்டுக்கும் நடுவே பொருந்தும் அடாப்டர் பிளேட் என்ற தகட்டைச் செய்ய வேண்டும், வேலை முழுவதும் அந்தப் பிளேட்டைக் கடையும் லேத்காரரின் கையில்தான். ட்ராக்ஸ் வண்டிகளில் வந்த மெர்சிடிஸ் வழி ஓ.எம். 616 எஞ்சினுக்கும் இதே கதை. கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் எஞ்சின்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. சென்சார்களையும் வயரிங்கையும் இம்மொபிலைசரையும் பழைய ஜீப்புக்குள் கொண்டுவந்து, சேற்றில் ஓட்டி, பிறகு ஒருநாள் காட்டு வழியில் நின்றுவிட்டால் அதைப் பார்க்க அந்தப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

அடாப்டர் பிளேட் போடுவதாக முடிவு செய்தவர்கள் ஒரு சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். பெல் ஹவுசிங்கை எஞ்சினில் முடுக்கியபின், ஃப்ளைவீலில் ஒரு டயல் கேஜை நிறுத்தி, கியர் பாக்ஸ் உட்காரும் வட்டத்தின் உள்விளிம்பை அதன் முனை தொடும்படி வைத்து, கிராங்கை ஒரு முழுச் சுற்றுத் திருப்பச் சொல்லுங்கள். முள் அசையும் அளவு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு மூன்று பங்கைத் தாண்டினால் பிளேட் மையம் விலகி இருக்கிறது என்று பொருள். அப்படியே மூடினால் முதல் வாரம் எதுவும் தெரியாது. பிறகு கிளட்ச் அதிரும், பைலட் பேரிங் கத்தும், கடைசியில் ஓட்டத்தில் கியர் கழன்று வரும்.

சம்ப்புக்கும் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) முன் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியையும் அப்படித்தான் சோதிக்க வேண்டும். எஞ்சினை மவுண்டிங்கில் உட்கார வைத்தபின் சம்ப்பின் அடியில் ஈரக் களிமண்ணை ஒரு கை ஒட்டிவிட்டு, முன் ஆக்சிலை ஜாக்கியால் அது ரப்பர் ஸ்டாப்பரைத் தொடும் வரை தூக்க வேண்டும். இறக்கியபின் களிமண் எவ்வளவு கனத்துக்கு நசுங்கியிருக்கிறதோ அதுதான் உங்களிடம் உள்ள இடைவெளி. இரண்டு விரல் கனமாவது இருக்க வேண்டும். டீசல் எஞ்சினின் எடை கூடுதல் என்பதால் சில மாதங்களில் முன்பட்டை (முன்பக்க ஸ்பிரிங்) தழைந்து இந்த இடைவெளி இன்னும் குறையும். ஆகவே முன்பக்கம் ஒரு பட்டை சேர்ப்பதை முதலிலேயே செய்துவிடலாம்.

சிறு சாமான்களில் மறக்கப்படுவது வைப்பர். பழைய ஜீப்பின் வைப்பர் எஞ்சினின் உறிஞ்சு காற்றில், அதாவது வாக்குவத்தில், இயங்கும். டீசல் எஞ்சினில் அந்த வாக்குவம் கிடையாது. மாற்றிய வண்டியை முதல் மழையில் ஓட்டும்போதுதான் பலருக்கு இது உறைக்கும். மின்மோட்டார் வைப்பர் போட வேண்டும். பிரேக் பூஸ்டர் வைப்பதானால் ஆல்டர்னேட்டரோடு வாக்குவம் பம்ப் உள்ள எஞ்சினாகப் பார்த்து எடுக்க வேண்டும். டேங்க்குக்கு டீசல் திரும்பி வரும் குழாய் ஒன்று தேவை, பழைய பெட்ரோல் டேங்க்கின் துரு முழுவதும் கழுவப்பட வேண்டும், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் வேண்டும், பேட்டரி 75 ஆம்பியர் மணிக்குக் குறையக் கூடாது.

எஞ்சினை எங்கே வாங்குவது என்பதில் என் கருத்து சற்றுக் கடுமையானது. சென்னை புதுப்பேட்டையிலோ வேறு பழைய சாமான் சந்தையிலோ தனி எஞ்சினாக வாங்குவது மலிவு. ஆனால் அதன் எண் எந்த வண்டியுடையது, அந்த வண்டி என்ன ஆனது என்பதற்குத் தாள் இல்லையென்றால் அந்த மலிவுக்குப் பொருளில்லை. ஓட்டை விழுந்த பாடியோடு நிற்கும் ஒரு மஹிந்திரா கமாண்டரையோ எம்.எம். 540-ஐயோ ஆர்.சி.-யோடு முழு வண்டியாக வாங்கினால் எஞ்சின், பாக்ஸ், ரேடியேட்டர், மவுண்டிங், ஸ்டார்ட்டர், கேபிள் அனைத்தும் ஒன்றுக்கொன்று பொருந்தியதாகக் கிடைக்கும். மிச்ச இரும்பை எடைக்குப் போடலாம். எல்லாவற்றுக்கும் மேல், கழற்றுவதற்கு முன் அந்த எஞ்சினை ஓட்டிப் பார்க்க முடியும். போனவுடன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள்; ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை துடித்துத் துடித்து வெளியேறுகிறதா என்று பார்த்தால் பிஸ்டன் வளையங்களின் நிலை தெரிந்துவிடும்.

அந்த வண்டியின் பாடி உறுதியாக இருக்கிறதென்றால், எஞ்சினைப் பிடுங்காமல் அதையே ஓட்டிக்கொண்டு, சி.ஜே. 3பி-யைப் பெட்ரோலாகவே வைத்துக்கொள்வதும் ஒரு தெரிவு. செலவு கணக்கிட்டால் சில நேரம் இதுதான் எல்லாவற்றிலும் குறைவாக வரும்.

கடைசியாகச் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது ஆர்.டி.ஓ. வேலை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.-யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். மாற்றிய 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்.சி.-யில் பதிவு செய்ய வேண்டும். உற்பத்தியாளரின் அசல் வடிவத்துக்கு மாறான மாற்றங்களை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்போடு அணுகியதிலிருந்து அலுவலகங்களில் கெடுபிடி கூடியிருக்கிறது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் எஞ்சின் எண்ணைத்தான் ஒப்பிடும்.

மஹிந்திரா வண்டியில் மஹிந்திரா எஞ்சின், அதற்கான வண்டியின் ஆர்.சி., விற்பனை ரசீது ஆகியவற்றோடு எழுத்து மூலம் விண்ணப்பிக்கும்போது பேச ஓர் அடிப்படை இருக்கும். டொயோட்டாவையோ இசுசுவையோ காட்டிக் கேட்கும்போது அது இருக்காது. எனவே ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் மலை வண்டிக்கு 4.88 கிரவுன் பினியனும் நான்கு அல்லது ஐந்து கியர் பாக்ஸும் சேர்ந்த டி.ஐ.; பாக்ஸையும் ஆக்சிலையும் தொட மனமில்லாதவருக்கு எக்ஸ்.டி. 3பி, மற்றவர்களுக்கு ஹரிக்கேன். அனுமதி கைக்கு வரும் வரை பழைய எஞ்சினின் ஒரு போல்ட்டையும் கழற்ற வேண்டாம். அனுமதி மறுக்கப்பட்டால் போரிங் செலவோடு விஷயம் முடிந்துவிடும்.